வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா நிலத்துல பங்கை வித்துட்டு கானாவுல விவசாயம் பண்ண போகலாமா?

செம்மண்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் அட்லாண்டாவுல இருக்கேன், வந்து 12 வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் பிளாக் அமெரிக்கன். அவங்க குடும்பத்துக்கு தெற்கு ஜார்ஜியாவுல 62 ஏக்கர் இருக்கு, அவரோட கொள்ளுத்தாத்தா 1911ல வாங்கினது. அந்த கொள்ளுத்தாத்தாவோட அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமையா பிறந்தவங்க. இவரு ஊரான் நிலத்துல விளைச்சல்ல பங்குக்கு உழுது, மரம் அறுக்குற மில்லுல ராத்திரி வேலை பாத்து, கொஞ்சம் கொஞ்சமா சேத்து வாங்கினாராம். உயில் எழுதாமலே போயிட்டாரு. அவரு பையனும் எழுதல. இன்னைக்கும் பத்திரத்துல கொள்ளுத்தாத்தா பேருதான், வாரிசுன்னு எண்ணினா 31 பேர் வருது, பாதி பேர் டெட்ராய்ட்லயும் சிகாகோவுலயும், சிலரை நான் பாத்ததே இல்ல.

45 ஏக்கர் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட குத்தகையில இருக்கு, பருத்தி ஒரு வருஷம் கடலை ஒரு வருஷம் மாத்தி மாத்தி போடுறாரு. கொஞ்சம் பைன் மரம். மிச்சத்துல பழைய வீடும் அவரோட அத்தையும். அத்தைக்கு 81 வயசு, நானும் அத்தைன்னே கூப்பிட்டு பழக்கிட்டேன், இப்ப சொந்தக்காரங்க எல்லாரும் அவங்களை அத்தைன்னுதான் கூப்பிடுறாங்க, அது என்ன பாஷைன்னு கூட தெரியாம. வீட்டுக்கு பின்னாடி வெண்டை, சக்கரவள்ளி, கொல்லார்ட் கீரை, சிவப்பு காராமணி. அந்த காராமணி விதையை அவங்க அம்மா காலத்துலேர்ந்து வெளியில வாங்கினதே இல்லையாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2019ல கானா அரசாங்கம் இயர் ஆஃப் ரிட்டர்ன்னு, அடிமையா பிடிச்சுட்டு போனவங்களோட வம்சம் எல்லாம் திரும்பி வாங்கன்னு கூப்பிட்டாங்கல்ல, அப்ப இவரும் போனாரு. அடிமைகளை அடைச்சு வச்சு கப்பலேத்தின கேப் கோஸ்ட் கோட்டைக்கு போயிட்டு வந்தவங்க எல்லாம் அழுதுட்டு வருவாங்க, இவரும் அழுதாரு, ஆனா இவரை உலுக்கினது அது இல்லையாம். வழியில ஒரு காட்டுல ஒரு அம்மா வெண்டைக்காய் பறிச்சுட்டு இருந்தாங்களாம், காம்பை விரலால ஒடிக்கிற விதம், பறிச்சதை மடியில கட்டுற விதம், அப்படியே அத்தை மாதிரி இருந்துச்சாம். அன்னையிலேர்ந்து ஒரே பேச்சு, அங்கதான் போய் விவசாயம் பண்ணணும், நம்ம விவசாயம் அங்கேர்ந்துதான் வந்துச்சு, திரும்ப அங்கதான் போய் சேரணும்னு.

போன மாசம் ஒரு கம்பெனிக்காரன்கிட்டேர்ந்து லெட்டர், உங்க பங்கை மட்டும் வாங்கிக்கிறோம், கேஷ், பேப்பர் வேலை எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம்னு. டெட்ராய்ட்ல இருக்குற கசின் ஒருத்தருக்கும் வந்திருக்கு, அவரு கையெழுத்து போடப் போறேங்கிறாரு. இவரும் யோசிக்கிறாரு, நம்ம பங்கை குடுத்துட்டு அந்த காசுல கானாவுல 20 ஏக்கர் எடுக்கலாம்னு. அத்தைகிட்ட சொன்னா ஒண்ணும் பேசல, எழுந்து வெளிய போயிட்டாங்க.

இவரு ஆசையை உடைக்க எனக்கு மனசு இல்ல. ஆனா கண்ணை மூடிட்டு தலையாட்டவும் பயமா இருக்கு. இந்த மாதிரி யாராவது பாத்திருக்கீங்களா, கானாவுல இருக்குறவங்க யாராவது இருக்கீங்களா?

பாலு (வட கரோலினா):

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல டெட்ராய்ட் கசினுக்கு போன் போட்டு கையெழுத்து போடாதீங்கன்னு சொல்லுங்க. இன்னைக்கே.

நான் வக்கீல் இல்ல, இங்க ஒரு இலவச சட்ட உதவி கிளினிக்ல சனிக்கிழமை பேப்பர் அடுக்குற வேலை பாக்குறேன், அங்க மாசத்துக்கு ரெண்டு மூணு குடும்பம் இதே கதையோட வருது. இதுக்கு இங்க ஏர்ஸ் பிராப்பர்ட்டின்னு பேரு. நம்ம ஊர்ல சொல்ற பாகம் பிரிக்காத சொத்துதான். 31 பேருக்கும் மொத்த 62 ஏக்கர்லயும் ஒரு பங்கு, ஆனா இந்த மூலை என்னோடதுன்னு யாராலயும் காட்ட முடியாது. இதுல உள்ள சூட்சுமம் என்னன்னா அந்த 31ல ஒருத்தரோட சின்ன பங்கை வாங்கிட்டாலே வெளியாள் உங்க குடும்பத்துல ஒருத்தன் ஆயிடுறான், அப்புறம் கோர்ட்டுக்கு போய் பிரிச்சு குடுன்னு கேக்கலாம், பிரிக்க முடியலன்னா மொத்தத்தையும் வித்து குடுன்னு கேக்கலாம். பழைய சட்டத்துல கோர்ட் வாசல்ல ஏலம் விடுவாங்க, கேஷோட வர்றவன் அந்த கம்பெனிக்காரன் ஒருத்தன்தான், பாதி விலைக்கும் கீழ போகும், அந்த காசைத்தான் 31 பேரும் பங்கு போட்டுக்கணும். பிளாக் குடும்பங்கள் விருப்பம் இல்லாம நிலத்தை இழந்ததுக்கு முக்கிய காரணமே இதுதான்னு யுஎஸ்டிஏவே, அதாவது அமெரிக்க விவசாயத் துறையே சொல்லுது.

நல்ல சேதி, ஜார்ஜியா 2012ல புது சட்டம் கொண்டு வந்துட்டாங்க. தாமஸ் மிட்செல்னு ஒரு சட்டப் பேராசிரியர் வரைஞ்ச மாதிரிச் சட்டம், 2010ல வந்தது, ஒவ்வொரு மாநிலமா எடுத்துக்கிட்டு வருது, 2020ல அவருக்கு மெக்ஆர்தர் விருது கூட குடுத்தாங்க. இதுப்படி யாராவது வித்து குடுன்னு கேஸ் போட்டா கோர்ட் முதல்ல மதிப்பு போடணும், அந்த மதிப்புக்கு அவன் பங்கை வாங்கிக்கிற முதல் உரிமை குடும்பத்துக்கு, முடிவு சொல்ல 45 நாள். அதுக்கப்புறமும் பிரிச்சு குடுக்க முடியுமான்னு பாத்துட்டுதான் விக்க விடுவாங்க, அதுவும் ஏலம் இல்ல, மார்க்கெட் விலைக்கு. ஆனா 45 நாள்ல முடிவு பண்ணி அப்புறம் பணமும் கட்டணும்னா குடும்பம் ஒண்ணா இருக்கணும், யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாத குடும்பத்துக்கு அந்த சட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அட்லாண்டாவுலயே ஜார்ஜியா ஏர்ஸ் பிராப்பர்ட்டி லா சென்டர்னு இருக்கு, இதுக்குன்னே இருக்குறவங்க. போகும்போது வம்சாவளி எழுதிட்டு போங்க, யாரு யாருக்கு பிறந்தாங்க, யாரு எப்ப இறந்தாங்க, இறப்பு சர்டிபிகேட் எது கிடைக்குதோ அது. சொத்து வரி ரசீது யாரு பேர்ல கட்டுறாங்கன்னு பாருங்க, என் அனுபவத்துல அது எப்பவும் ஊர்ல இருக்குற ஒரு அத்தையாத்தான் இருக்கும் :) அப்புறம் 2018ல வந்த பார்ம் பில்ங்கிற விவசாயச் சட்டத்துக்கு அப்புறம் பத்திரம் உங்க பேர்ல இல்லைன்னாலும் வேற ஆவணம் காட்டி பார்ம் நம்பர் வாங்கலாம். அது இல்லாம யுஎஸ்டிஏல ஒரு லோன் படிவம் கூட நகராது, முன்னாடி இந்த குடும்பங்களை எல்லாம் அந்த ஒரு நம்பரை சொல்லியே திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க.

கானா போறதா வேண்டாமான்னு எனக்கு தெரியாது. ஆனா இந்த பங்கை வித்து போறது வேற, இதை வச்சுக்கிட்டு போறது வேற.

நேர்ப்பேச்சு:

யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். 62 ஏக்கர்ல அமெரிக்காவுல என்ன வரும்? பருத்தி கடலை போடுறவன் ஆயிரக்கணக்குல ஏக்கர் வச்சிருக்கான், ஒரு அறுவடை மெஷின் விலைக்கு உங்க நிலம் மொத்தமும் வராது. குத்தகை காசு சொத்து வரிக்கும் கூரை ரிப்பேருக்குமே சரியாயிடும். 31 பேர் அதுல பாசம் வச்சிருக்கோம்னு சொல்லிக்கலாம், ஒருத்தரும் அங்க போய் இருக்க மாட்டாங்க. 1920ல அமெரிக்காவுல பிளாக் விவசாயிங்க 9 லட்சத்து 25 ஆயிரம் பேர், 2022 கணக்குல 47,000க்கும் கீழ. எல்லாரும் முட்டாளா, லாபம் இல்லாததாலதான போனாங்க. வந்த விலைக்கு குடுத்துட்டு, கானாவுக்கும் போகாம, பிள்ளைங்க படிப்புக்கு போடுங்க. பாரம்பரியம் சோறு போடாது.

பாலு (வட கரோலினா):

கணக்கு சரி, காரணம் தப்பு சார். லாபம் இல்லாம எல்லா நிறத்துலயும் போனாங்க, ஒத்துக்கிறேன், ஆனா இவங்க போன வேகம் வேற. விதைக்கிறதுக்கு லோன் வேணும் மார்ச்ல, ஆபீஸ்ல கையெழுத்து போடுவாங்க ஜூலையில, அப்ப விதைச்சு என்ன விளையும்? லோனை முடிவு பண்ற கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கமிட்டியில உக்காந்திருந்தது பக்கத்து நிலத்துக்காரங்களேதான். இதுக்குத்தான் பிக்ஃபோர்ட் கேஸ் போட்டாங்க, 1999ல அரசாங்கம் ஒப்பந்தத்துக்கு வந்துச்சு, ஜெயிச்ச பெரும்பாலானவங்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர். ஒரு நல்ல டிராக்டர் வராது அதுல. ஜட்ஜ் எழுதின தீர்ப்போட முதல் வார்த்தைகளே நாப்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்னுதான் ஆரம்பிக்கும், விடுதலையான அடிமைகளுக்கு குடுக்குறோம்னு சொல்லி குடுக்காம விட்டது அது. அப்ளை பண்ண தேதி தெரியாம விட்டவங்களுக்காக 2010ல இன்னொரு 125 கோடி டாலர். அப்புறம் 2021ல கடன் தள்ளுபடின்னு சட்டம் போட்டாங்க, வெள்ளை விவசாயிங்க கேஸ் போட்டு கோர்ட் நிறுத்திடுச்சு, அடுத்த வருஷம் சட்டத்தையே எடுத்துட்டாங்க. அதுக்கு பதிலா நிறம் சொல்லாம, லோன்ல பாகுபாடு பட்டவங்க யாரா இருந்தாலும்னு ஒரு திட்டம் கொண்டு வந்து 2024ல 43,000 பேருக்கு மேல மொத்தமா 200 கோடி டாலர் போச்சு.

அப்புறம் 62 ஏக்கர்ல பருத்தி போட்டா ஒண்ணும் வராதுன்றது உண்மை. அதனாலதான் டஸ்கீகியில, அலபாமாவுல இருக்குற பிளாக் மக்களோட கல்லூரி அது, புக்கர் வாட்லின்னு ஒரு பேராசிரியர் 1970கள்லயே 25 ஏக்கர் கணக்கு போட்டு குடுத்தாரு, டவுனுக்கு பக்கத்துல இருக்கணும், வாடிக்கையாளருங்க வருஷத்துக்கு முன்பணம் கட்டி மெம்பரா சேரணும், அவங்களே வந்து பறிச்சுக்கணும், தினம் காசு வர்ற மாதிரி பத்து பயிர் கலந்து இருக்கணும்னு. இன்னைக்கு எல்லாரும் சிஎஸ்ஏ, முன்பணம் கட்டி பண்ணையில சேருறதுன்னு பெருசா பேசுறாங்களே, அதை அலபாமாவுல அவரு அப்பவே சொல்லிட்டாரு, பேரு வேற ஆளுக்கு போச்சு.

நேர்ப்பேச்சு:

டவுனுக்கு பக்கத்துல இருக்கணும்னு நீங்களே சொல்லிட்டீங்க. தெற்கு ஜார்ஜியா எந்த டவுனுக்கு பக்கம்?

பாலு (வட கரோலினா):

அது நியாயமான கேள்வி. அதுக்கு பதில் அந்த கவுண்டியை பாத்தாதான் தெரியும்.

தேமா துறைமுகம்:

வணக்கம் தங்கச்சி. நான் கானாவுல 14 வருஷமா இருக்கேன், பம்ப் செட், சொட்டு நீர் பைப் விக்கிற வேலை, அதனால தெற்கேர்ந்து வடக்க தமாலே வரைக்கும் காடு கரை எல்லாம் சுத்தியிருக்கேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி வர்றவங்க நிறைய பேரை பாத்தாச்சு, சிலர் நல்லா இருக்காங்க, சிலர் ரெண்டு வருஷத்துல பெட்டி கட்டிட்டாங்க, அதனால வராதீங்கன்னும் சொல்ல மாட்டேன் வாங்கன்னும் சொல்ல மாட்டேன்.

நிலத்தை பத்தி மட்டும் சொல்லிடுறேன். இங்க வெளிநாட்டுக்காரருக்கு சொந்தமா நிலம் கிடையாது, 1992 அரசியல் சட்டத்துலயே இருக்கு, குத்தகைதான், அதுவும் அதிகபட்சம் 50 வருஷம். அங்க பேரன் காலம் தாண்டி நிக்குற நிலத்தை வித்துட்டு இங்க 50 வருஷ பேப்பருக்கு வர்றோம்ங்கிறதை அவரு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாக்கட்டும். குடியுரிமை வாங்கிட்டா அந்த 50 வருஷ கட்டு கிடையாது, 2019ல 126 பேருக்கு குடுத்தாங்க, 2024 நவம்பர்ல ஒரே நாள்ல 524 பேருக்கு. அது இல்லாம ரைட் ஆஃப் அபோட்னு தங்குற உரிமை ஒண்ணு இருக்கு, 2000 சட்டத்துலேர்ந்து. ரெண்டுக்கும் அலையணும்.

நிலத்துல பெரும்பகுதி அரசாங்கத்தோடதும் இல்ல தனியாரோடதும் இல்ல, ஊரோடது. அகான் இன மக்கள் பக்கம் தலைவரோட ஸ்டூல்னு சொல்வாங்க, முக்காலி, நம்ம சிம்மாசனம்னு சொல்றோமே அது மாதிரி. அந்த ஸ்டூலுக்கு சொந்தம், இல்லைன்னா ஒரு குடும்பத்துக்கு சொந்தம், அங்க குடும்பம்னா அம்மா வழி, அபுசுவான்னு சொல்வாங்க, அதுல நூறு பேர் கூட இருப்பாங்க. சிரிப்பா இருக்கு இல்ல? உங்க வீட்டுக்காரர் 31 வாரிசை விட்டு ஓடி வந்து 100 வாரிசுகிட்ட கையெழுத்து வாங்கணும். தலைவரை பாக்கப் போனா கையில பாட்டிலோட போகணும், ஷ்னாப்ஸ்ங்கிற சாராயம், அதுக்கு டிரிங்க்ஸ்னே பேரு, இப்ப அந்த டிரிங்க்ஸ்ங்கிறது பாட்டில் இல்ல, காசு. அது குடுத்தாச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு லேண்ட்ஸ் கமிஷன்ல வில்லங்கம் பாக்காம விடுறவங்கதான் மாட்டுறாங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், அவரும் அமெரிக்காவுலேர்ந்து வந்தவர்தான், ஒரு குடும்பத்துக்கு காசு குடுத்து வேலி போட்டு போர்வெல்லும் போட்டாச்சு, எட்டாவது மாசம் இன்னொரு குடும்பம் வந்து இது எங்களோடது, எங்ககிட்ட தீர்ப்பு இருக்குன்னாங்க. தீர்ப்பு உண்மையாவே இருந்துச்சு.

மழை: தெற்குல ரெண்டு போகம், ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் ஒண்ணு, செப்டம்பர் அக்டோபர்ல சின்னது ஒண்ணு. வடக்குல ஒரே போகம். தண்ணி கையில இல்லாம காய்கறி போட்டா சூதாட்டம். மரவள்ளி தப்பிச்சுக்கும், ஆனா வெட்டின மூணு நாள்ல வித்தாகணும், ரோடு நல்லா இல்லாத இடத்துல எடுத்தா முடிஞ்சது. தங்கச் சுரங்கம் திருட்டுத்தனமா தோண்டுறாங்க, கலாம்சேன்னு சொல்வாங்க, ஆத்து தண்ணி காபி கலர்ல ஓடுது, அந்த பக்கம் எடுக்கவே வேண்டாம். பேங்க் கடன்ல ஆரம்பிக்கிற யோசனை இருந்தா அதையும் மறந்துடுங்க. 2022 டிசம்பர்ல இங்க விலைவாசி ஏத்தம் 54 சதவீதம், அப்ப கடன் வாங்கினவங்க இன்னும் மூச்சு வாங்குறாங்க.

இன்னொண்ணு, இதை அவருகிட்ட மெதுவா சொல்லுங்க. சந்தையில அவரை யாராவது ஓப்ரோனின்னு கூப்பிடுவாங்க. அது வெள்ளைக்காரனுக்கு சொல்ற வார்த்தை, வெளியூர்க்காரன்னு அர்த்தத்துல எல்லாருக்கும் சொல்லிடுவாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல. என்னையும் கூப்பிடுறாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இத்தனை தலைமுறைக்கு அப்புறம் வீட்டுக்கு வந்திருக்கோம்னு நினைச்சுட்டு வந்த ஒருத்தருக்கு அது எப்படி இருக்கும்னு ஒருத்தர் முகத்தை பக்கத்துல இருந்து பாத்தேன். அன்னைக்கு அவரு அப்புறம் ஒரு வார்த்தை பேசல.

என் யோசனை, காசு எதுவும் போடாம ஒரு போகம் வந்து இருக்கட்டும். ஏப்ரல்ல வந்து, யாராவது ஒரு விவசாயிகூட களை எடுத்து, அறுவடை வரைக்கும். அப்புறம் பேசலாம்.

பழைய பேப்பர்:

இதை படிச்சதும் எழுதாம இருக்க முடியல, வரலாறு பைத்தியம் நான், மன்னிச்சுக்கோங்க.

அமெரிக்காவுலேர்ந்து விவசாயத்தை எடுத்துக்கிட்டு ஆப்பிரிக்கா திரும்புறது புது யோசனை இல்ல. பாலு சொன்ன அதே டஸ்கீகியை ஆரம்பிச்சு நடத்தின புக்கர் டி. வாஷிங்டன் அங்கேர்ந்து நாலு பேரை டோகோவுக்கு அனுப்பினாரு, 1901 வாக்குல போய் சேந்தாங்க. யாரு கூப்பிட்டா? ஜெர்மன் காலனிக்காரன். எதுக்கு? பருத்திக்கு. அந்த ஊர் ஆளுங்க ஏற்கனவே பருத்தி போட்டுட்டுதான் இருந்தாங்க, மக்காச்சோளத்துக்கு நடுவுல ஊடுபயிரா, வீட்டு தேவைக்கு. ஜெர்மன்காரனுக்கு தனிப்பயிரா, ஏத்துமதிக்கு வேணும். இழுக்க வந்த மாடும் குதிரையும் நோயில செத்துப்போக, வண்டியை மனுஷங்க இழுத்தாங்க. அங்கேயே தங்கின ஜான் ராபின்சன்ங்கிறவர் 1909ல ஆத்துல மூழ்கி இறந்துட்டாரு. போனவங்க கெட்டவங்க இல்ல, அடிமையா இருந்தவங்களோட பிள்ளைங்க, நல்லது பண்றோம்னு நம்பித்தான் போனாங்க. ஆனா தெற்கு அமெரிக்காவுல அவங்க தலையில கட்டின அதே பருத்தியை கொண்டு போய் இன்னொருத்தர் தலையில கட்ட உதவினாங்க.

லைபீரியாவும் அப்படித்தான். 1822லேர்ந்து அமெரிக்காவுலேர்ந்து போய் குடியேறின பிளாக் மக்கள் 1847ல தனி நாடு ஆக்கி, 1980 வரைக்கும் ஆட்சியை தங்களோட கையிலயே வச்சிருந்தாங்க, உள்ளூர்க்காரங்க கீழதான். 1926ல ஃபயர்ஸ்டோன்ங்கிற அமெரிக்க டயர் கம்பெனிக்கு ரப்பர் போட 10 லட்சம் ஏக்கர் 99 வருஷத்துக்கு எழுதி குடுத்தாங்க, ஏக்கருக்கு 6 சென்ட்! எத்தியோப்பியாவுல ஷாஷமனேல சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி மேற்கு நாட்டு கருப்பின மக்களுக்குன்னு நிலம் குடுத்தாரு, ஜமைக்காவுலேர்ந்து அவரை சாமியா கும்பிடுற ராஸ்தாக்காரங்க போய் இருந்தாங்க, அவரு ஆட்சி போனதும் 1975ல ராணுவ அரசு பெரும்பாலானதை எடுத்துக்கிச்சு. யாரு குடுக்குறாங்க, அதுக்கு கீழ ஏற்கனவே யாரு இருக்காங்கன்னு கேக்காம போனா இதெல்லாம் நடக்கும்.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது ஃபேனி லூ ஹேமர் கதை. ஓட்டுரிமைக்கு போராடின பிளாக் அம்மா, மிசிசிப்பி, 20 பிள்ளைங்கள்ல கடைசி, அடுத்தவன் நிலத்துல பங்குக்கு உழுற குடும்பம். அவங்க அப்பா ஒரு தடவை எப்படியோ காசு சேத்து சொந்தமா கோவேறு கழுதை வாங்கினாரு, பொறுக்காம யாரோ தீவனத்துல விஷம் வச்சு கொன்னுட்டாங்க, திரும்ப அடுத்தவன் நிலத்துக்கே போனாங்க. 1962ல ஓட்டு பதிய போனதுக்கு இந்தம்மாவை 18 வருஷம் வேலை பாத்த தோட்டத்துலேர்ந்து துரத்திட்டாங்க. 1964ல கினி நாட்டுக்கு போறாங்க, அங்க கருப்பு மனுஷங்க பேங்க் நடத்துறதை, விமானம் ஓட்டுறதை முதல் தடவையா பாக்குறாங்க. பாத்துட்டு அங்கேயே இருந்துடல. திரும்பி வந்து 1969ல சன்ஃப்ளவர் கவுண்டியில ஃப்ரீடம் ஃபார்ம் ஆரம்பிக்கிறாங்க, ஆரம்பம் சரியா 40 ஏக்கர். பன்னி பேங்க்னு ஒண்ணு வச்சாங்க, ஒரு குடும்பத்துக்கு சினைப்பன்னி குடுப்பாங்க, அது குட்டி போட்டதும் ரெண்டு குட்டியை பேங்க்ல திருப்பி கட்டணும், வட்டி அவ்வளவுதான். 1970கள் நடுவுல காசு இல்லாம மூட வேண்டியதாயிடுச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல.

உங்க ஊர் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. ஆல்பனி பக்கம் லீ கவுண்டியில நியூ கம்யூனிட்டிஸ்னு, அதே 1969ல ஷெரட்னு உரிமைப் போராட்டக்காரத் தம்பதியும் மத்தவங்களும் சேந்து கிட்டத்தட்ட 5,700 ஏக்கர் கூட்டா வாங்கினாங்க. வறட்சி வந்தப்ப பக்கத்து வெள்ளைக்காரங்களுக்கு கிடைச்ச அவசரக் கடன் இவங்களுக்கு கிடைக்கல, 1985ல நிலம் போச்சு. பாலு சொன்ன அதே பிக்ஃபோர்ட் கேஸ்ல 2009ல 1 கோடி 20 லட்சம் டாலர் வந்துச்சு, 2011ல ஒரு பழைய அடிமைத் தோட்டத்தையே வாங்கிட்டாங்க, இப்ப பீக்கன்னு ஒரு கொட்டை மரம் வளக்குறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவரை கூட்டிட்டு போய் காட்டுங்க.

காராமணி:

எல்லாரும் நிலத்தை பத்தியே பேசிட்டீங்க, அத்தையோட தோட்டத்தை யாரும் கவனிக்கல. நான் விதை ஆராய்ச்சியில இருக்கேன், எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணுல பட்டுச்சு.

காராமணி மேற்கு ஆப்பிரிக்காவுல வளத்தெடுத்த பயிர். வெண்டையும் ஆப்பிரிக்காவுலேர்ந்துதான் அமெரிக்கா போச்சு, ஓக்ராங்கிற பேரே இக்போ மொழி வார்த்தை, லூசியானாவுல கம்போன்னு ஒரு குழம்பு சொல்றாங்களே அது பாண்டு மொழியில வெண்டைக்கு உள்ள பேரு. கடலை கதை வேடிக்கை, அது தென் அமெரிக்கா பயிர், போர்ச்சுகல்காரன் ஆப்பிரிக்கா கொண்டு போனான், அங்க ஏற்கனவே மண்ணுக்கடியில காய்க்கிற ஒரு பயறு இருந்ததால சட்டுனு ஏத்துக்கிட்டாங்க, அப்புறம் அடிமைக் கப்பல்ல வட அமெரிக்கா வந்துச்சு, பேரு மட்டும் கூபர், காங்கோ மொழியில இங்குபா. சக்கரவள்ளியும் அமெரிக்கப் பயிர்தான், ஆனா தெற்கு ஜார்ஜியாவுல அதை யாம்னு சொல்வாங்க, ஏன்னா அவங்க முன்னோருங்க சாப்பிட்ட கிழங்கு யாம், அது கிடைக்கல, கிடைச்சதுக்கு அந்த பேரை வச்சுக்கிட்டாங்க. எனக்கு இதை நினைச்சா தொண்டை அடைக்கும். கிழங்கு போச்சு, பேரு மட்டும் கப்பலேறி வந்திருக்கு.

நெல்லும் அப்படியே. நாம சாப்பிடுறது ஆசிய நெல், ஆப்பிரிக்காவுல தனியா இன்னொரு நெல் உண்டு, நைஜர் ஆத்து பக்கம் சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னாடியே வளத்தெடுத்தது. கரோலினா, ஜார்ஜியா கடலோரத்துல கடல் ஏத்தத்தை மதகு வச்சு அடக்கி நெல் போட்டாங்க, குதிகாலால விதையை மிதிச்சு மூடுறது, முறத்துல புடைக்கிறது, உரல்ல குத்துறது, இந்த வேலை தெரிஞ்சவங்க யாரு? சியரா லியோன் பக்கத்துலேர்ந்து பிடிச்சுட்டு வந்தவங்க. உழைப்பை மட்டும் இல்ல, அறிவையும் சேத்துத்தான் திருடினாங்க. (நம்ம கேழ்வரகு கூட கிழக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்ததுதான், தெரிஞ்சா நிறைய பேர் சண்டைக்கு வருவாங்க.)

அதனால அவரு ஆப்பிரிக்காவை தேடி போறாருன்னா, முதல்ல வீட்டுக்கு பின்னாடி போய் அத்தைகிட்ட ஒரு நோட்டை வச்சுட்டு உக்காரட்டும். எந்த மாசம் விதைக்கிறாங்க, எந்த காயை விதைக்கு விடுறாங்க, எதுல போட்டு வைக்கிறாங்க, வண்டு வராம என்ன பண்றாங்க. 81 வயசு, தள்ளிப் போடாதீங்க. ஜார்ஜியா கடலோரத்துல சபேலோ தீவுல, அடிமைகளோட வம்சமான கீச்சி மக்கள் இதே மாதிரி ஒரு சிவப்பு காராமணியை விட்டுடாம காப்பாத்தி இப்ப விக்கவும் செய்றாங்க, நேர்ப்பேச்சு சார் கேட்ட காசு கேள்விக்கு அது முழு பதில் இல்ல, ஒரு சின்ன பதில்.

ஒரு எச்சரிக்கை, கானாவுலேர்ந்து விதையை பெட்டியில ஒளிச்சு வச்சு கொண்டு வர வேண்டாம், வைரஸ், வண்டு எல்லாம் கூட வரும், ஏர்போர்ட்ல பிடிப்பாங்க. சின்ன அளவு விதைக்குன்னே யுஎஸ்டிஏல தனி பர்மிட் உண்டு, ஒரு பாக்கெட்ல 50 விதை வரைக்கும், முன்னாடியே அப்ளை பண்ணணும். இங்கேர்ந்து அங்க கொண்டு போறதுக்கும் அந்த நாட்டு விதிப்படி சர்டிபிகேட் வேணும்.

செம்மண்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், நடுவுல ஏகப்பட்டது நடந்துடுச்சு.

கசின் கையெழுத்து போடல. பாலு தம்பி எழுதினதை அப்படியே இங்கிலீஷ்ல அவருக்கு சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அந்த லெட்டர் ஏற்கனவே இன்னும் நாலு பேருக்கு வந்திருக்குன்னாரு. லா சென்டர்ல டைம் வாங்கியாச்சு. வம்சாவளி எழுத உக்காந்தா 31 இல்ல, 38. வரி ரசீது எல்லாம் அத்தைதான் கட்டியிருக்காங்க தம்பி, 1974லேர்ந்து ஒவ்வொண்ணையும் பிஸ்கட் டப்பாவுல வச்சிருக்காங்க.

ஆல்பனி பக்கமும் போயிட்டு வந்தோம். இவரு பீக்கன் மரத்துக்கு கீழ நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு, திரும்பும்போது கார்ல ஒரே ஒரு கேள்வி, நம்ம பைன் மரத்தை வெட்டினா அங்க என்ன வரும்னு. கானாவை விடல. ஏப்ரல்ல போறாரு, லீவு போட்டுட்டு, நிலம் எதுவும் வாங்காம, ஒரு போகம். தேமா அண்ணா சொன்ன ஓப்ரோனி விஷயத்தையும் சொல்லிட்டேன். சிரிச்சாரு, ஆனா அந்த சிரிப்பு எனக்கு பிடிக்கல.

நோட்டு வச்சு அத்தைகிட்ட உக்காந்தோம். காராமணியை சாம்பல்ல பொரட்டி வைக்கிறாங்க. ஒரு பாட்டில் நிறைய இவரு கையில குடுத்து கானாவுக்கு எடுத்துட்டு போன்னாங்க. அத்தை, சர்டிபிகேட் இல்லாம ஏர்போர்ட்ல விடமாட்டாங்கன்னு நான் விளக்கி சொன்னேன். அப்ப அங்கேர்ந்து இங்க வந்தப்ப யாரு சர்டிபிகேட் கேட்டாங்களாம்.

காராமணி, அந்த சர்டிபிகேட்டுக்கு எந்த ஆபீஸ்ல கேக்கணும்னு சொல்றீங்களா? பாட்டில் இன்னும் சமையல் மேடையிலதான் இருக்கு.

காராமணி:

ஜார்ஜியா மாநில விவசாயத் துறையில கேளுங்க, ஏத்துமதிக்கு தாவர நலச் சான்றுன்னு சொன்னா புரியும். ஆனா அதுக்கு முன்னாடி கானா பக்கத்துலேர்ந்து இறக்குமதி அனுமதி வேணுமான்னு பாத்துக்கணும், அதை தேமா அண்ணா விசாரிச்சு சொன்னா நல்லது. பாட்டில்ல பாதியை ஃப்ரீசர்ல வைங்க.

தேமா துறைமுகம்:

விசாரிக்கிறேன். அவரை ஏப்ரல் முதல் வாரமே வரச் சொல்லுங்க தங்கச்சி, மழை பிடிச்சுட்டா அந்த ரோட்டுல வண்டி போகாது. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு யாருக்குன்னு வந்ததும் தெரியும்.